இன்ஸ்பெக்டர் கேட்கும் மானிடவியல் கேள்விகள்

சட்டமும் மானிடவியலும் சேர்ந்த முதுநிலைப் படிப்பில் சேரப்போவதாக யாராவது சொன்னால், "ரெண்டையும் எதுக்குச் சேர்த்துப் படிக்கணும்?" என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். கேட்பவரிடம் 1994 செப்டம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய மாதுரி பாட்டீல் தீர்ப்பைப் படிக்கச் சொல்வேன். மகாராஷ்டிரத்தில் மகாதேவ் கோலி என்று பழங்குடிச் சான்றிதழ் வாங்கியிருந்த மாணவியர் பற்றிய வழக்கு அது. போலிச் சான்றிதழைத் தடுக்க, நாடு முழுக்கப் பின்பற்ற வேண்டிய நடைமுறையை நீதிமன்றம் அதில் வகுத்துத் தந்தது. சான்றிதழ்களைச் சரிபார்க்க மூன்று அதிகாரிகள் கொண்ட கூர்நோக்குக் குழு ஒன்று. அதற்கு உதவியாக, மூத்த டி.எஸ்.பி. தலைமையில் விஜிலென்ஸ் பிரிவு ஒன்று. அந்தப் பிரிவின் போலீஸ் இன்ஸ்பெக்டர் விண்ணப்பதாரர் வசிக்கும் இடத்துக்கும் பூர்விக ஊருக்கும் நேரில் போக வேண்டும். பள்ளிப் பதிவேடு, பிறப்புப் பதிவேடு எல்லாம் பார்த்து, பெற்றோரை விசாரித்து, அந்தச் சமூகத்தின் மானிடவியல், இனவியல் கூறுகளையும் விசாரித்து அறிக்கை தர வேண்டும். தெய்வம், சடங்கு, வழக்கம், திருமண முறை, சாவுச் சடங்கு, பிணத்தைப் புதைக்கும் விதம் என்று பட்டியலே தீர்ப்பில் இருக்கிறது.

ஒரு சமூகத்தோடு பழகி அதன் வாழ்க்கையை எழுதும் இனவரைவியல் களப்பணியைப் போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைத்த அந்தப் பட்டியல் எனக்குள் நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதலில் அது முழுத் தவறு என்றே தோன்றும். கொஞ்சம் நின்று யோசித்தால் அப்படிச் சொல்லிவிட்டு நகர முடியவில்லை.

பட்டியல் நடைமுறையில் என்ன செய்யும் என்று பார்க்கலாம். விண்ணப்பதாரர் கல்லூரியில் சேரப்போகிற பையன் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா காலத்திலேயே குடும்பம் மலையிலிருந்து இறங்கி நகரத்துக்கு வந்துவிட்டது. "உங்க குலதெய்வம் எது? கல்யாணத்தை யார் நடத்தி வைப்பாங்க? செத்தா புதைப்பீங்களா, எரிப்பீங்களா?" தாத்தாவை மாநகராட்சி மின்மயானத்தில் எரித்த குடும்பத்துப் பையன் "எரிப்போம்" என்றுதான் சொல்வான். கோப்பில் அது "இறந்தவரைப் புதைக்கும் அந்த இனத்தின் வழக்கத்தோடு ஒத்துப்போகவில்லை" என்று ஏறும். ஒத்துப்போகிறதா என்று எதனோடு வைத்துப் பார்க்கிறார்கள் என்பது அடுத்த சிக்கல். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூல் தீர்ப்புகளில் இன்னும் மேற்கோளாக வருகிறது. அதில் உள்ள ஒரு வரி, எந்த ஊரில், யார் சொல்லி, யார் மொழிபெயர்த்து எழுதப்பட்டது என்று பெரும்பாலும் தெரியாது. ஆனாலும் இன்றைய பையனின் வாழ்க்கையை அதன் மேல் வைத்து அளக்கிறார்கள். புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லித் தேறிவிடுவார். வாழ்க்கை மாறிப்போனவர் தோற்றுப்போவார். போலியைப் பிடிக்க வந்த சோதனையில் போலிக்குத்தான் வசதி அதிகம்.

இதற்கு வேர் இன்னும் பழையது. பழங்குடிகளை அடையாளம் காண 1965-ல் லோகூர் குழு சொன்ன அளவுகோல்களில் தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, புவியியல் ஒதுக்கம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை ஆகியவை இருந்தன. கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற எவரும் கூச்சத்தையும் ஒதுக்கத்தையும் எங்கோ ஓரிடத்தில் தாண்டித்தான் வந்திருப்பார். சலுகை கேட்டு வருவதே தகுதிக்கு எதிரான சான்றாகிவிடும் அபாயம் இந்த அளவுகோலுக்குள்ளேயே இருக்கிறது.

திருப்பம் 2011-ல் தொடங்கியது. ஹல்பி இனத்தவர் ஒருவரின் வழக்கில், இடப்பெயர்வாலும் நவீன வாழ்க்கையாலும் பிற சமூகங்களோடு பழகுவதாலும் வழக்கங்கள் மாறும் என்பதை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மானிடவியலில் முதல் பருவத்திலேயே சொல்லித்தரும் விஷயம்தான். சட்டத்துக்குள் வந்து சேர இத்தனை காலம் ஆனது. அதற்குப் பிறகும் சில அமர்வுகள் வேறு மாதிரிச் சொன்னதால், 2023 மார்ச் 24 அன்று மகாராஷ்டிர ஆதிவாசி தாக்கூர் அமைப்பின் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது. சடங்கும் வழக்கமும் இனத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் இனக்கூறு ஒப்பீட்டுச் சோதனையை இறுதி உரைகல்லாகக் கொள்ளக் கூடாது. எல்லா விண்ணப்பத்தையும் விஜிலென்ஸ் பிரிவுக்கு அனுப்ப வேண்டியதும் இல்லை. ஆவணங்களைப் பார்த்துக் குழுவுக்குத் திருப்தி ஏற்படாதபோது மட்டும் அனுப்பலாம்.

இதைப் படித்ததும் மானிடவியல் ஜெயித்துவிட்டது என்று தோன்றும். எனக்கு அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. இனக்கூறுச் சோதனை பின்னுக்குப் போனால் முன்னுக்கு வருவது ஆவணம், அதிலும் அரசியலமைப்புக்கு முந்தைய ஆவணம். 1950-க்கு முன்னால் பள்ளிக்கூடப் பதிவேட்டிலோ நிலப் பதிவேட்டிலோ பேர் ஏறியவர்கள் யார்? ஊரோடு ஒட்டி வாழ்ந்தவர்கள், நிலம் வைத்திருந்தவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தவர்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்த இருளர் குடும்பத்திடம் கொள்ளுத்தாத்தாவின் பள்ளிச் சான்று இருக்காது. அவர்களிடம் இருப்பது உறவுமுறை, எந்தக் குடும்பத்தோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள் என்ற நினைவு, கன்னியம்மனுக்குச் செய்யும் சடங்கு ஆகியவைதான். அவர்களுக்கு அந்தக் கேள்விகள் வேண்டும். கேட்பவர் யார், எப்படிக் கேட்டார், எப்படி எழுதினார் என்பதில்தான் பிழை நடக்கிறது. அங்கே உட்கார்ந்து வேலை செய்யச் சட்டம் மட்டும் படித்தவருக்கும் பயிற்சி போதாது, மானிடவியல் மட்டும் படித்தவருக்கும் போதாது.

கேள்வி காணாமல் போகும் சாட்சியம்

இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் முதலில் பழக வேண்டியது ஆவணத்தைப் படிக்கும் முறை. சட்ட மாணவர் தீர்ப்பைக் கையில் எடுத்தால் தீர்ப்பின் அடிப்படை விதியைத் தேடுவார், முன்தீர்ப்பு எது என்று பார்ப்பார், மீதியைத் தள்ளிவிடுவார். மானிடவியல் மாணவர் அந்த மீதியைத்தான் ஆர்வமாகப் படிப்பார்: யார் என்ன சொன்னார், ஊரில் என்ன நடந்தது. இருவருமே தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கீழமை நீதிமன்றச் சாட்சியம் தாளில் எப்படி ஏறுகிறது என்பது.

இந்திய நடைமுறையில் சாட்சியத்தைப் பொதுவாகக் கேள்வி–பதிலாக எழுதுவதில்லை. சாட்சி தானாகச் சொன்னது போன்ற கதை வடிவில் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைப் பக்கத்தைப் புரட்டினால் "எங்கள் சமூகத்தில் விதவை மறுமணம் உண்டு என்று சொன்னால் சரிதான். பஞ்சாயத்தில் முடிவு எதுவும் எடுக்கவில்லை என்று சொன்னால் சரியல்ல" என்ற நடையில் வரிசையாக வாக்கியங்கள் இருக்கும். "விதவை மறுமணம் உண்டு" என்ற சொற்கள் எதிர்த்தரப்பு வக்கீலின் வாயிலிருந்து வந்தவை. சாட்சி சொன்னது "ஆமாங்க" என்ற ஒரு சொல்லாக இருக்கலாம், வெறும் தலையாட்டலாகவும் இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாத மானிடவியல் மாணவர், "மறுமணம் உண்டு என்று சமூகத்தின் மூத்தவரே கூறுகிறார்" என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவார். சாட்சியை அழைத்த தரப்பே கேட்கும் முதல் விசாரணையில் இன்னொரு ஆபத்து. சிவில் வழக்குகளில் இப்போதெல்லாம் சாட்சியம் நிரூபண வாக்குமூலமாக, வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்து தாக்கல் ஆகிறது. அந்தத் தமிழ் பெரும்பாலும் குமாஸ்தாவின் தமிழ்.

ஆகவே சாட்சியத் தாளைப் படிக்கும்போது ஓரத்தில் நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். முதல் விசாரணையா, குறுக்கா, மறுவிசாரணையா? அந்த வாக்கியத்தின் சொற்கள் யாருடையவை? சாட்சி பேசிய மொழி எது, எழுதிய மொழி எது? தீர்ப்பில் அதே வரி வரும்போது என்ன மாறியிருக்கிறது? சாட்சியத்தில் "எங்க தெருவில் அப்படிச் செய்வோம்" என்று இருப்பது தீர்ப்பில் "இச்சமூகத்தில் அவ்வழக்கம் நிலவுகிறது" என்று வீங்கிப்போக வாய்ப்பு நிறைய. அந்த வீக்கத்தை ஒரே வழக்கில் கட்டம் கட்டமாகப் பின்தொடர்ந்தாலே முதுநிலை ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள் கிடைக்கும்.

வழக்கத்தை நிரூபிப்பது

1868-ல் ராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில், இந்து சட்டத்தில் தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிய சட்டத்தையும் மிஞ்சும் என்று ஆங்கிலேயர் காலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது. நான்கே ஆண்டில், 1872-ல், திருநெல்வேலிப் பக்கத்து ஜமீன் வாரிசுரிமை வழக்கில் அந்தக் கதவைக் குறுக்கியது: அப்படிப்பட்ட வழக்கம் தொன்மையானதாகவும் மாறாததாகவும் இருக்க வேண்டும், தெளிவான சான்று வேண்டும். இன்றைய இந்துத் திருமணச் சட்டத்தின் 3(ஏ) பிரிவும் நெடுங்காலம் தொடர்ச்சியாகவும் ஒரே சீராகவும் கடைப்பிடித்த விதியைத்தான் வழக்கம் என்கிறது. மாறாமல் இருந்தால்தான் சட்டம் மதிக்கும். ஆனால் மாறாத வழக்கத்தை எந்த மானிடவியலாளரும் கண்டதில்லை. படிப்பின் நடு நரம்பு இதுதான். இதை மழுப்பிவிட்டு எழுதும் ஆய்வேடு எதுவும் நிற்காது.

பழங்குடியினருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. அரசு தனியாக அறிவித்தால் ஒழிய இந்துத் திருமணச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது 2(2) பிரிவு. அப்படியானால் அவர்களின் திருமணத்துக்கு அவர்கள் வழக்கமே சட்டம். 2001-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த குஜூர் வழக்கில் மனைவி ஓராவன் பழங்குடி, கணவர் சந்தால் பழங்குடி. கணவர் இரண்டாவது திருமணம் செய்துகொண்டார் என்று மனைவி புகார் கொடுத்தார். ஒருதார மணமே தங்கள் வழக்கம் என்று அவர் சொன்னார். ஆனால் இரண்டாம் திருமணத்தைச் செல்லாததாக்கும், சட்டத்தின் வலிமை பெற்ற வழக்கம் இருந்ததாகப் புகாரில் முறையாகச் சொல்லவில்லை, நிரூபிக்கவும் இல்லை. வழக்கு தோற்றது.

இந்த வழக்கை மாணவர்கள் வெறும் வருத்தத்தோடு படித்துவிட்டுப் போகக் கூடாது. என்ன சேகரித்திருந்தால் குறைந்தபட்சம் வழக்கம் என்ற அடிப்படைக் கேள்வியாவது நின்றிருக்கும் என்று யோசிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் வந்து "எங்களில் ஒரு மனைவிதான்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. விதி மீறப்பட்ட சம்பவங்கள் வேண்டும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு, கூட்டத்தைக் கூட்டியவர் யார், என்ன தண்டம் போட்டார்கள், தண்டம் கட்டினாரா, கட்டாவிட்டால் என்ன ஆனது, இரண்டாவது மனைவியின் பிள்ளைக்குப் பங்கு கொடுத்தார்களா என்று எழுத வேண்டும். மக்கள் சொல்லும் விதி, அவர்கள் செய்வது, மீறியபோது நடந்தது ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பதை மானிடவியல் கற்றுத்தரும். அதைப் பழைய இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் எந்தப் பிரிவின் கீழ் உள்ளே கொண்டுவரலாம் என்பதைச் சட்டம் கற்றுத்தரும்: வழக்கம் கைக்கொள்ளப்பட்ட தனித்தனிச் சம்பவங்களுக்கு 11, பொது வழக்கத்தை அறிந்திருக்கக்கூடியவரின் கருத்துக்கு 42, ஒரு குழுவின் நடைமுறைகளைத் தனிப்பட அறிந்தவரின் கருத்துக்கு 43. ஆய்வாளர் தாமே நிபுணராக வந்தால் 39. பழைய சட்டத்தின் 45-ஆம் பிரிவில் இல்லாத "வேறு எந்தத் துறையும்" என்ற சொற்கள் 39-ல் சேர்ந்திருப்பது உதவும். தடையாக நிற்பது 55: வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும். களக்குறிப்பில் பெரும்பகுதி பிறர் சொல்லக் கேட்டது. ஆகவே குறிப்பில் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் அன்றன்றே பிரித்து எழுதும் பழக்கம் இல்லாவிட்டால், குறுக்கு விசாரணையில் பத்து நிமிடத்தில் மொத்தமும் சரிந்துவிடும்.

எந்தச் சான்று எந்தக் கதவுக்கு

நல்ல இனவரைவியல் அறிக்கை தப்பான இடத்துக்குப் போவதும் நடக்கும். தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் மலையாளி (கேரளத்தவர் அல்லர், மலைவாழ் பழங்குடியினர்) என்ற பெயர் தர்மபுரி, வடஆற்காடு, தென்ஆற்காடு, சேலம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டக் கட்டுப்பாட்டோடு இருக்கிறது. ஈரோடு மாவட்டம் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். உறவுமுறை, சடங்கு எல்லாம் ஒன்றே என்று எத்தனை பக்கம் எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தாலும் பயன் இராது. பட்டியலில் உள்ளதை உள்ளபடியே வாசிக்க வேண்டும், அதற்குள் இன்னொரு பிரிவு அடங்குமா என்று விசாரணை நடத்தக் கூடாது என்று 2000-ல் மிலிந்த் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அந்த அறிக்கை போக வேண்டிய வழி வேறு: மாநில அரசின் பரிந்துரை, இந்தியத் தலைமைப் பதிவாளர், தேசியப் பழங்குடியினர் ஆணையம், கடைசியில் நாடாளுமன்றத்தில் திருத்த மசோதா. நரிக்குறவர், குருவிக்காரர் 2023-ல் பட்டியலில் சேர்ந்தது இந்த வழியில்தான். தலைமைப் பதிவாளர் அலுவலகம் இனவரைவியலை வரிவரியாகப் பார்க்கும். நீதிபதி பழங்குடிப் பட்டியலுக்கு அடிப்படையான அரசியலமைப்பின் 342-ஆவது உறுப்பைப் பார்ப்பார். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதிய உழைப்பு எல்லாம் வீண்தான்.

களக்குறிப்பும் சம்மனும்

வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு (புதிய சாட்சியச் சட்டத்தில் 132-ஆம் பிரிவு). ஆய்வாளரிடம் ஊர்க்காரர் சொன்னதற்கு அப்படி எதுவும் இல்லை. நீதிமன்றம் கேட்டால் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சட்டம் படித்தவருக்கு இது தெரிந்திருக்கும், ஆனால் களப்பணிக்குப் போகும் அவசரத்தில் மறந்துவிடுவார். பெயர் மாற்றுவதை ஆய்வேடு எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். முதல் நாள் குறிப்பிலிருந்தே குறியீட்டுப் பெயர் போடுங்கள். எந்தக் குறியீடு யாரைக் குறிக்கிறது என்ற பெயர்ச்சாவியைத் தனியாக வையுங்கள், தேவை இல்லாவிட்டால் வைக்கவே வேண்டாம்.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழு கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் கேட்கும். வனத்துறை வழக்கோ போலீஸ் வழக்கோ நடக்கும் ஊரில் ஒரு தாளை நீட்டிக் கைநாட்டு கேட்டால் அதோடு பேச்சு முடிந்தது. வாய்மொழி ஒப்புதலுக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்; ஏன் என்று காரணம் எழுதினால் பெரும்பாலும் தருவார்கள். அதைவிடக் கனமானது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். 18 வயதுக்குட்பட்ட பெண்ணின் திருமண வாழ்வு பற்றித் தெரியவந்தால் 19-ஆம் பிரிவின்படி யாராக இருந்தாலும் தகவல் தர வேண்டும்; தராவிட்டால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. மலைக் கிராமத்தில் திருமண வழக்கம் பற்றி ஆய்வு செய்யப்போகிறவர் இதை முதல் பேட்டிக்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். எதைக் கேட்கப்போவதில்லை, எது தெரியவந்தால் சொல்லியாக வேண்டும் என்று பேட்டி கொடுப்பவருக்கே தொடக்கத்தில் சொல்லிவிட வேண்டும். "ஆய்வுக்காகத்தான், யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்குறுதியை, காப்பாற்றும் அதிகாரம் இல்லாதவர்கள் கொடுக்கக் கூடாது. இந்த விஷயத்தில் எனக்கு வளைந்துகொடுக்க மனமில்லை.

எங்கே, எப்படி

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இரு துறைகளையும் இணைத்து ஓராண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. முனைவர் ஆய்வுக்கு ஜெர்மனியில் ஹாலே நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது. பிரிட்டனின் ஓராண்டு என்பது நீண்ட களப்பணிக்கு இடம் தராது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும், ஆய்வேட்டுக்குக் கிடைப்பது கோடை மாதங்கள். ஊரில் போய்த் தங்கும் திட்டம் போட்டால் நெறிமுறை அனுமதி, விசா, மழை என்று ஏதாவது ஒன்று கவிழ்த்துவிடும். கோப்புகளையும் திறந்த நீதிமன்ற விசாரணைகளையும் வைத்துச் செய்யக்கூடிய தலைப்பை எடுத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாங்களே சேர்த்துக்கட்டிக்கொள்ள வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் மானிடவியல் துறை இருக்கிறது. இக்னோவில் தொலைநிலை எம்.ஏ. மானிடவியல் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளுக்கு யு.ஜி.சி. 2022-ல் வழி திறந்தது. ஆனால் சட்ட முதுநிலையான எல்.எல்.எம். பார் கவுன்சில் விதிகளுக்கும் உட்பட்டது. ஆகவே சேரும் முன் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். வரிசையாகப் படிப்பதானால் மானிடவியலை முதலில் முடித்து எல்.எல்.எம்.-ஐப் பிறகு வைத்துக்கொள்வதே என் தேர்வு. களக்குறிப்பு எழுதும் கை பழக நாளாகும், ஓராண்டு எல்.எல்.எம்.-இன் நெருக்கடியில் அது பழகாது.

வழக்குக் கட்டுகளைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. நீதிமன்ற நகல்களுக்கு நீதிமன்ற விதிப்படிதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கில் கட்சிக்காரர் அல்லாதவர், காரணம் சொல்லிப் பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட வேண்டும். வழிகாட்டியின் கடிதத்தையும் இணையுங்கள். கூர்நோக்குக் குழுக்களின் கோப்புகளைக் கேட்டால் தனிநபர் தகவல் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே)-வைக் காட்டி மறுப்பார்கள். ஆனால் குழுவின் ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போன வழக்குகளின் தீர்ப்புகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. விஜிலென்ஸ் அறிக்கையின் கேள்விகளும் பதில்களும் அவற்றில் சில சமயம் பத்தி பத்தியாக எடுத்தாளப்பட்டிருக்கும். கோட்டாட்சியர் விசாரணையில் தொடங்கி உயர் நீதிமன்றத்தில் முடிந்த ஒரே குடும்பத்தின் வழக்கை எடுத்துக்கொண்டு, ஒரு பதில் எத்தனை கைமாறி எப்படி உருமாறியது என்று எழுதுங்கள். இருபது வழக்குகளை மேலோட்டமாக அட்டவணை போடுவதைவிட அது நல்ல ஆய்வேடு. கூர்நோக்குக் குழுவில் உட்காரும் ஆய்வு அலுவலருக்கும் அது நேரடியாகப் பயன்படும்.